ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது

என் தம்பி குடித்துவிட்டு பஸ் ஓட்டினான் என்று கோர்ட்டுத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அவன் அன்றைக்குக் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். முதலில் சொன்னதை உடனே நம்புகிறார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது, அக்காக்காரி வேறெப்படிச் சொல்லுவாள் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார்கள். அந்தப் பார்வையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

யுத்த காலம் அது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்து பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். பஸ்ஸின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கிளீனர் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருப்பான். நேரம் போகப்போக ஒரு வாயு கிளம்பும். அது குழாய் வழியாக எஞ்சினுக்குப் போனால் பஸ் நகரும். மேடு வந்தால் டிக்கெட் வாங்கினவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். குழாயில் எங்காவது கீறல் விழுந்தால் அந்த வாயு வண்டிக்கு உள்ளே வந்துவிடும். டிரைவருக்குத் தலை கனக்கும், கண் சிவக்கும், குமட்டும், கைகால் சொன்னபடி கேட்காது. டிரைவர்கள் இதைக் கரி மயக்கம் என்பார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு மரத்தடியில் கொஞ்சம் படுத்து எழுந்து, யாராவது மோர் கொடுத்தால் குடித்துவிட்டு, மறுபடி ஏறி ஓட்டுவார்கள். அதை ஒரு நோயாக யாரும் நினைக்கவில்லை.

தம்பி பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் டிரைவர். நான் அரியலூரில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். எங்கள் சொந்த ஊர் வரதராசன்பேட்டைக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்துக் காலராவில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு நானும் எனக்கு அவனும்தான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஏறவில்லை என்று ஒரு டீச்சர் ஒப்புக்கொள்வதற்கு எவ்வளவு வருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் கழுவப் போனான், கிளீனர் ஆனான், கடைசியில் லைசென்ஸ் வாங்கினான். நிலம் கிடையாது, வேறு தொழில் தெரியாது. அந்த லைசென்ஸ்தான் அவனுக்குச் சோறு.

அவன் குடிக்கவே மாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரையும் போல, வண்டி எடுக்காத நாளில் சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போவான். ஆனால் தபசு காலம் வந்துவிட்டால் தொடமாட்டான். ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய நாற்பது நாளும் எங்கள் ஊரில் கறி வேண்டாம் என்பவர்கள் உண்டு, பீடியை விடுகிறவர்கள் உண்டு, கள்ளை விடுகிறவர்கள் உண்டு. விபூதிப் புதனன்று சாமியார் நெற்றியில் சாம்பல் வைத்ததும் தம்பி கள்ளை விட்டுவிடுவான். ஈஸ்டர் பூசை முடிந்தால்தான் மறுபடி. முரட்டுத்தனமாக இருப்பானே தவிர, சாமிக்குச் சொன்ன சொல்லைத் தவறமாட்டான்.

அந்த விபத்து நடந்தது தபசு காலத்து ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலைப் பூசைக்கு என்னோடு வந்துவிட்டு, வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு வண்டிக்குப் போனான். மத்தியானம் பெரம்பலூரிலிருந்து திரும்பும்போது, மருதையாற்றுப் பாலத்தைத் தாண்டின பிறகு, அவனுக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஓரங்கட்டுவதற்குள் கண் இருட்டிவிட்டது. பஸ் ரோட்டை விட்டு இறங்கி ஒரு பனைமரத்தில் மோதி நின்றது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. கரி பஸ்ஸுக்கு ஏது வேகம். ஒருவருக்குக் கை ஒடிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் தம்பிக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் துணியில் சுற்றி ஒரு கலயம் கள்ளு கொண்டுவந்திருந்தான். மோதின வேகத்தில் கலயம் உடைந்து அத்தனையும் தம்பியின் தலையிலும் சட்டையிலும் கொட்டியது. அந்த மகராசன் இறங்கினான், கள்ளு போச்சே என்று புலம்பினான், சோளக்காட்டுக்குள் இறங்கி நடந்துவிட்டான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. எந்த ஊர் என்றும் தெரியாது.

போலீஸ் வந்து பார்த்தபோது தம்பி பனைமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது, எழுப்பினால் தள்ளாடினான், மேலெல்லாம் கள்ளு நாற்றம். அந்தக் கான்ஸ்டபிள் இடத்தில் நான் இருந்தாலும் குடிகாரன் என்றுதான் நினைத்திருப்பேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் மேல்தான் கோபம்.

நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நடந்ததைத் தம்பி வீட்டுக்கு வந்து எனக்குச் செய்தே காட்டினான். டாக்டர் முதலில் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்திருக்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். விரலால் மூக்கு நுனியைத் தொடச் சொன்னார். தரையில் கடப்பைக்கல் பாவியிருந்தது. இரண்டு கல்லும் சேருகிற கோட்டின் மேல், ஒரு காலின் குதிகாலுக்கு முன்னால் மறு காலின் விரலை வைத்து வைத்து, சுவர் வரைக்கும் நடந்து சட்டென்று திரும்பச் சொன்னார். திரும்பும்போது இவன் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"மேசையப் பிடிக்காம இருந்திருந்தா விழுந்திருப்பேன் அக்கா. எனக்கு நெலமே ஆடுது. தல சுத்துதுங்க, கரி கேஸு ஏறிடுச்சுங்கன்னு சொன்னேன். அவரு எழுதிக்கிட்டே இருந்தாரு."

"சட்டைய மாத்திட்டு மோந்து பாருங்கன்னு சொல்லலியா?"

"அதெல்லாம் அப்ப தோணுமா?"

எழுதின காகிதத்தில் என்ன இருந்தது என்று பிறகு பார்த்தோம். கள்ளு நெடி, கண் சிவப்பு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், குடிபோதையில் இருக்கிறார். கரி என்ற வார்த்தையே அதில் இல்லை.

அன்று கதவைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுத் தரையில் நான் அப்படி நடந்து பார்த்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிகாலுக்கு முன்னால் விரலை வைத்து நடந்தேன். திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான் கள்ளை வாயில் வைத்தது கிடையாது.

வக்கீலைப் பிடித்தோம். நல்லவர், வெற்றிலைப் பிரியர், வயிறு கொஞ்சம் முன்னால் போகும். நான் அவரிடம் சொன்னேன், டாக்டரைக் கூண்டில் ஏற்றினதும் அதே மாதிரி கோர்ட்டில் நடக்கச் சொல்லுங்கள், பார்ப்போம் என்று. அவர் சிரித்தார். நீங்கள் நடந்து காட்டுங்கள் என்றேன். பாவம், எழுந்து நடந்தார். நாலாவது அடியில் அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் வூட்டுல சரிம்மா. கோர்ட்டுல டாக்டர நடக்கச் சொன்னா எனக்குத்தான் திட்டு விழும்."

"அப்ப அந்தக் கரி கேஸப் பத்தியாவது கேளுங்க."

"கேட்கிறேன். ஆனா அதச் சொல்ல சாட்சி வேணுமே. மொதலாளி வருவாரா?"

முதலாளி எப்படி வருவார். குழாயில் கீறல் இருந்தது என்று ஒப்புக்கொண்டால் அவர் பர்மிட்டுக்கு ஆபத்து. கண்டக்டர் சாட்சிக்கு வந்தார். கள்ளுக் கலயம் உடைந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "கவனிக்கலீங்க" என்றார். தினமும் எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வண்டிக்குப் போன மனுஷன். என் முகத்தைப் பார்க்காமல் கோர்ட்டை விட்டுப் போனார். குழாயை மறுநாளே மாற்றிவிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது கோர்ட்டுக்குத் தெரியவில்லை.

சரி, தம்பியே சொல்லட்டும் என்றேன். அவனைவிடத் தெரிந்தவன் யார். அவனைக் கூண்டில் ஏற்றி, வேதபுத்தகத்தைக் கையில் கொடுத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்கட்டும். வக்கீல் தலையை ஆட்டினார். குற்றம் சாட்டப்பட்டவன் தன் வழக்கில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாதாம். சட்டம் அப்படி. கடைசியில் மாஜிஸ்திரேட் அவனைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பாராம். இவன் சொல்வதை எழுதிக்கொள்வாராம். அது சாட்சியம் ஆகாதாம்.

"அவன் வாயில வர்றது சாட்சி இல்லன்னா, வேற யாரு வாயில வரும் சார்?"

"சட்டம் நான் எழுதலியேம்மா" என்றார்.

எனக்கு அவர் வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வீசிவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் வக்கீலுக்குத் தபசு காலம் ஞாபகம் வந்தது. அவர் எங்கள் வேதத்தைச் சேர்ந்தவர் அல்ல. நாற்பது நாள் கள்ளைத் தொடமாட்டான் என்று நான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்ததைப் பிடித்துக்கொண்டார். அதை யார் சொன்னால் மாஜிஸ்திரேட் நம்புவார் என்று கேட்டார். தம்பி சட்டென்று சொன்னான், எங்கள் ஊர் உபதேசியார் என்று.

உபதேசியார் என்றால், சாமியார் வராத நாளில் கோயிலில் ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுக்கிறவர். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. வரப்புச் சண்டை வந்தால் வேற்று ஜாதி, வேற்று மதக்காரர்கள்கூட அவரைக் கூட்டிவைத்து, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்பார்கள். அவர் சொன்னால் அதோடு சரி. அப்படிப்பட்டவர் வந்து, இந்தப் பையன் தபசு காலத்தில் குடிக்கமாட்டான் என்று சொன்னால் போதும் என்றார் வக்கீல். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோர்ட்டில் உண்மை பேசுகிறவர் நம் பக்கம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்.

விசாரணை அன்று டாக்டர் முதலில் வந்தார். வக்கீல் கேட்டார்.

"கரி கேஸ் உள்ளே போனால் தலை சுற்றுமா?"

"சுற்றும்."

"கண் சிவக்குமா? தள்ளாட்டம் வருமா?"

"வரலாம். ஆனால் கள்ளு வாசனை வராது."

அத்தோடு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வாசனை வாயில் வந்ததா, சட்டையில் வந்ததா என்று கேட்டிருக்க வேண்டாமா? கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை நடக்கவைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டாமா? மறுநாள் காலையில், மயக்கம் தெளிந்தபிறகு, அதே கோட்டில் அவன் எப்படி நடக்கிறான் என்று தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டாமா? நான் பின்வரிசையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பெண்பிள்ளை எழுந்து பேச முடியாது. பேசினால் சேவகன் வெளியே அனுப்பிவிடுவான்.

அப்புறம் உபதேசியார் ஏறினார். துவைத்த வேட்டி, கழுத்தில் ஜெபமாலை. வக்கீல் கேட்டதற்கெல்லாம் தெளிவாகச் சொன்னார். பையனைச் சின்னதிலிருந்து தெரியும். தபசு காலத்துக்குக் கள்ளு வேண்டாம் என்று வருஷாவருஷம் மாதா முன்னால் ஒப்புக்கொடுப்பான். வார்த்தை தவறமாட்டான். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது.

போலீஸ் தரப்பில் வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் எழுந்தார். எங்கள் வழக்கத்தை அவர் எங்கிருந்து தெரிந்துகொண்டாரோ தெரியாது. மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்த நாப்பது நாளும் ஒருவேள சாப்பாட்டோட ஒருசந்தி இருப்பீங்களா?"

"இருப்போமுங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை ஒருசந்தி கெடையாதுங்க. அது ஆண்டவரு உயிர்த்த நாளு. நாப்பது நாள் கணக்குல ஞாயிறு சேராதுங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை கள்ளு குடிச்சா தப்பில்லையா?"

"அளவா குடிச்சா தப்பில்லீங்க."

"உங்க ஊருல தபசு காலத்துல கள்ள விட்டவங்க, ஞாயித்துக்கிழமை குடிக்கிறதுண்டா?"

உபதேசியார் கொஞ்சம் யோசித்தார். நான் மனசுக்குள் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன்.

"பூச முடிஞ்சு சில பேரு குடிப்பாங்க."

"இந்தப் பையன்?"

"அவன் டவுன்ல இருக்கான். ஞாயித்துக்கிழமையில என்ன செய்யறான்னு நான் பாத்ததில்லீங்க."

பஸ் மோதினது என்றைக்கு என்று மாஜிஸ்திரேட் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா போகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தம்பி ஞாயிற்றுக்கிழமையிலும் தொடமாட்டான், ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டி ஓட்டுகிறானே என்று நான் மட்டும்தான் சொல்ல முடியும். நான் அக்கா. என்னைக் கூப்பிட வேண்டாம், அக்கா சொன்னால் எடுபடாது என்று வக்கீல் முதலிலேயே முடிவு செய்திருந்தார்.

கடைசியில் மாஜிஸ்திரேட் தம்பியைக் கேட்டார். கரி கேஸ் ஏறிடுச்சுங்க, கள்ளு பின்னாடி இருந்த ஆளோட கலயமுங்க, நான் குடிக்கலீங்க என்றான். அந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதிக்கொண்டார். தீர்ப்பில் அந்த வரிக்குப் பதிலும் ஒரு வரிதான். குற்றவாளி சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அபராதம் போட்டார்கள், மூன்று வருஷத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். லைசென்ஸைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் உபதேசியார் நின்றிருந்தார். நான் நேரே போனேன்.

"நாப்பது நாளும் குடிக்கமாட்டான்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாமே அண்ணே."

"ஞாயித்துக்கிழமையான்னு கேட்டாங்களேம்மா. கேட்டா என்ன சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்றது."

"தெரியுமேம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தம்பி இடையில் வந்து, "அவரு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லக்கா, ஞாயிறு கணக்குல இல்லதான்" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிடக் கூட்டிப்போனான். இரண்டு பேரையும் சேர்த்து அறையலாமா என்று இருந்தது எனக்கு. ஒருத்தருக்காவது அந்த லைசென்ஸ் என்னவென்று உறைத்ததா? அப்பீலுக்குத் திருச்சி போகலாம் என்று வக்கீலை நச்சரித்தேன். உபதேசியார் வாக்குமூலம் இருக்கே என்று உதட்டைப் பிதுக்கினார். தம்பியும், போதும் அக்கா, மறுபடி அவரு பேச்ச கோர்ட்டுல இழுக்க வேணாம் என்றான். அப்பீல் போட வேண்டிய கெடு அப்படியே போய்விட்டது.

முதலாளிக்கு உள்ளுக்குள் குத்தியிருக்கும் போல. தம்பியை ஷெட்டில் கரி உடைக்க வைத்துக்கொண்டார். வண்டி ஓட்டின பையன் சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கரியைப் பாக்கு அளவுக்கு உடைத்துச் சலித்துக் கூடையில் போட்டான். சாயங்காலம் கறுத்துப்போய் வருவான். தெருவில் அவனைப் பார்த்து, "என்னப்பா, இன்னிக்கு ஞாயிறா?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள். அப்படிக் கேட்ட ஒருத்தரிடம் நான் நடுத்தெருவில் நின்று சண்டை போட்டேன். டீச்சர் இப்படிப் பேசலாமா என்றார்கள். அந்த வருஷம் ஈஸ்டர் வந்தபோதே கள்ளுக்கடைக்கு அவன் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. போனால் மட்டும் என்ன, பேர் ஏற்கெனவே வந்துவிட்டதே.

அவன் ஓட்டின அதே பஸ்ஸை ஒரு பாய் ஓட்டினார். எங்களைவிடப் பெரியவர், ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். சட்டையில் எப்போதும் அத்தர் மணக்கும். அடுத்த வருஷம் கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வண்டி எடுத்தவர், பட்டப்பகலில் ஒரு மதகுச் சுவரில் கொண்டுபோய் மோதினார். அவரும் இறங்கி வாந்தி எடுத்தார். அவரையும் கடப்பைக்கல் மேல் நடக்கவிட்டார்கள். அதே டாக்டர்தான். கண் சிவப்பு, தள்ளாட்டம், குழறல். அத்தர் வாசனையை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, லேசான நெடி என்றும் எழுதிவிட்டார்.

பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"தம்பி, அந்த வண்டியில கேஸ் எப்படி ஏறும்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணும். கண்டக்டரு வரமாட்டேங்கிறாரு. அல்லாவுக்குப் பொதுவா, உள்ளதச் சொன்னாப் போதும்."

நான் குறுக்கே விழுந்தேன். "இவனுக்குக் கரி கேஸப் பத்திச் சொல்ல ஒருத்தரும் வரலியே பாய். இப்ப இவன் போயி நின்னா, இன்ஸ்பெக்டர் என்ன கேப்பாருன்னு தெரியாதா?"

"தெரியும்மா. கேக்கறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு" என்றார்.

தம்பி கையில் ஒட்டின கரியைத் துடைத்துக்கொண்டு, "வரேன் பாய்" என்றான். அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாஜிஸ்திரேட் மாறியிருந்தார். தம்பியைக் கூண்டில் ஏற்றி, வேதபுத்தகத்தைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கினார்கள். போன வருஷம் இதற்காகத்தானே மல்லுக்கட்டினேன். அவன் நிதானமாகச் சொன்னான். குழாய் எந்த இடத்தில் கீறும், கீறினால் முதலில் நெற்றிப்பொட்டில் எப்படி வலிக்கும், அப்புறம் எப்படிக் கண் கட்டும், தனக்கு எப்படி வந்தது, எல்லாம் சொன்னான். மாஜிஸ்திரேட் ஒவ்வொன்றையும் எழுதினார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"நீ குடிச்சிட்டு பஸ் ஓட்டினதுக்காகத் தண்டனை வாங்கினவன்தானே?"

"ஆமாங்க. தண்டன வாங்கினவன்தாங்க."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அப்போது மாஜிஸ்திரேட் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு நீ குடிச்சிருந்தியா?"

"இல்லீங்க."

அதையும் எழுதிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாகி, முதல் தடவையாக ஒருவர் அவனிடம் அதைச் சத்தியத்தின் மேல் கேட்டு, சத்தியத்தின் மேல் சொன்ன பதிலாக எழுதினார். வேறொருத்தர் வழக்கில்.

பாய் விடுதலை ஆனார். தீர்ப்பை வாசித்தபோது நான் இருந்தேன். இந்தச் சாட்சிக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை, இவன் சொல்வதை நம்புகிறேன், கரி வாயுவால்தான் இந்த நிலைமை வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். நம்புகிறேன் என்ற வார்த்தையைக் கேட்டதும், நான் அங்கிருந்து நேரே எங்கள் வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். என் தம்பி குடிக்கவில்லை என்று மாஜிஸ்திரேட்டே நம்பிவிட்டார், இதை வைத்து எழுதிப்போட்டு லைசென்ஸை வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

வக்கீல் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அது அந்தக் கேஸோட தீர்ப்பும்மா. உங்க தம்பி கேஸு முடிஞ்சுபோச்சு. கெடுவும் போச்சு."

"இன்னிக்கு இவன் சொன்னததானே சார் அன்னிக்கும் சொன்னான்? ஒரு வார்த்த கூடக் கொறையா சொல்லலியே."

"இன்னிக்குச் சாட்சியா சொன்னாரு. அன்னிக்குக் குத்தவாளியா சொன்னாரும்மா."

நான் என்ன பேசினேன் என்று இப்போது எழுத மனம் இல்லை. நல்ல மனுஷன், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். வீட்டுக்கு வந்தால் தம்பி ஆனந்தமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்திருந்தது. "பாய்க்கு வண்டி கெடச்சிருச்சுக்கா" என்றான். நான் சோற்றுத் தட்டை எடுக்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போனோம். அந்த பஸ்தான், பாய்தான் ஓட்டினார். தம்பியைக் கண்டதும் டிக்கெட் வேண்டாம் என்று கண்டக்டருக்கு ஜாடை காட்டினார். தம்பி கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி ஊரைத் தாண்டி ஒரு வளைவுக்கு வந்தபோது, எதேச்சையாகக் கீழே பார்த்தேன். தம்பியின் வலது கால் வண்டியின் அடிப்பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. எதிரே மாட்டு வண்டி வந்தது, மறுபடி அழுத்தினான். வண்டி மேட்டில் ஏறும்போது இடது கால் கிளட்சைத் தேடிப் போய்ப் போய் வந்தது. அவனுக்கே அது தெரியவில்லை. ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரம்பலூர் வந்து பஸ் நிற்கிறவரைக்கும் அந்தக் கால் ஓயவில்லை.